முன் ரூட்டரில் அப்பா

1

நேற்று மதியம் வேலையிடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது போனில் ஒரு வாழ்த்து வந்தது. "உங்கள் வீட்டு வைஃபைக்கு இன்று ஒரு வயது!" என்று, பலூன் படத்தோடு. சரவணம்பட்டியில் என் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் போன வருடம் இரண்டு ரூட்டர் பொருத்திவிட்டு வந்தேன். அவற்றை இங்கிருந்தே பார்த்துக்கொள்ள உதவும் செயலி அனுப்பிய வாழ்த்து அது. சொந்தக் கல்யாண நாளையே மறந்துவிடுகிறவள் நான். எனக்கு இந்த நாளை ஞாபகப்படுத்த ஒரு கம்பெனி இருக்கிறது. பலூனை விரலால் ஒதுக்கிவிட்டு, வழக்கம்போல உள்ளே இருக்கும் பட்டியலைப் பார்த்தேன். அங்கே பார்த்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதைப் பார்த்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில். வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. பால் பவுடர் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் வெளியூர். ஒரே மகள் ஷைனிக்குப் பதினைந்து வயது. ஊரில் அப்பாவின் பெயர் அருளப்பன். பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா அடுத்தவர் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். அப்பா தோட்டத்தை விட்டுக் கம்பெனிக்குப் போனார், நான் கம்பெனி ஊரை விட்டுக் கடலைத் தாண்டினேன். எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையும் வீட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் தூரமாகப் போயிருக்கிறது.

நானும் டெஸ்டிங் வேலைக்குத்தான் சேர்ந்தேன் என்றபோது அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "மோட்டாரு ஓடற சத்தம் கேட்டாப் பத்தாது கண்ணு, தண்ணி வருதான்னு பாக்கோணும். டெஸ்டிங்னா அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினார். அதை நான் ஒழுங்காகக் கேட்டிருக்கலாம்.

2

எங்கள் வீடு ஒரு ரயில் பெட்டி. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கிய மனையைப் பாகம் பிரித்தபோது, இருவருக்கும் ரோட்டு முகப்பு வேண்டும் என்று நெடுக்காக வெட்டிக்கொண்டார்கள். அகலம் பதினாலு அடி, நீளம் எண்பது அடி. ரோட்டைப் பார்த்த முன்னறை, அடுத்தது ஹால், நடுவில் சாப்பாட்டு மேசை, அப்புறம் சமையலறை, சாமான் அறை, கடைசியில் பின்னறை. அப்பாவும் அம்மாவும் படுப்பது பின்னறையில். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா.

இன்டர்நெட்காரர் ஒயரை முன்னறையோடு நிறுத்திப் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். பின்னறையில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. ஞாயிற்றுக்கிழமை என்னோடு வீடியோவில் பேச வேண்டுமென்றால் இரண்டு பேரும் முன்னறைக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி உட்கார வேண்டும். வெளியே ஐ.டி. கம்பெனி பஸ்கள் போகிற சத்தத்தில் பாதிப் பேச்சு அடிபட்டுப்போகும்.

முந்தின கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, புத்தாண்டு கழிந்த வாரத்தில், காந்திபுரத்தில் ஒரே மாதிரி இரண்டு ரூட்டர் வாங்கி வந்தேன்.

"ஒண்ணு பத்தாதா கண்ணு? ரெண்டு வெச்சாக் கரண்டு எச்சாவாதா?" என்று அம்மா கேட்டார்.

முதல் நாள் வேலையைக் கெடுத்துவிட்டேன். இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியதில், வருகிற போனுக்கெல்லாம் இரண்டும் தனித்தனியாக எண் கொடுக்க ஆரம்பித்தன. ஒரு ஊருக்கு இரண்டு நாட்டாமை இருந்தால் என்ன ஆகும்? இருந்த நெட்டும் போனது. அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "படிச்ச புள்ளைன்னு நெனச்சேன்" என்று சிரித்தார். மறுநாள் யோசித்துச் செய்தேன். முன் ரூட்டர் மட்டும் எண் கொடுக்கட்டும், பின் ரூட்டர் அதன் பேச்சைக் கேட்டு நடக்கட்டும் என்று அமைத்தேன். நடுச்சுவர் ஓரமாக எண்பது அடிக்கும் ஒயர் இழுத்துப் பின்னறைப் பரணில் இரண்டாவதை உட்கார வைத்தேன். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. நடக்க நடக்கப் போன் தானாக ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் போனுக்கு ஒரு குணம் உண்டு. முதலில் பிடித்த ரூட்டரை லேசில் விடாது. பின்னறைக்கே போய்ப் படுத்தாலும் முன்னறை ரூட்டரைத்தான் தொங்கிக்கொண்டிருக்கும். இதை விளக்கியதும் அப்பா, "உங்க சித்தப்பனாட்ட. புடிச்சா உடமாட்டான்" என்றார், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சத்தமாகவே. இரண்டு ரூட்டரின் வீச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். கடைசியில் சரியாகச் சாப்பாட்டு மேசையருகே வந்ததும் போன் மாறியது. "ஏனுங்க, பார்டரு நம்ம சோத்து மேசையாட்ட இருக்குதுங்க" என்று அம்மா சொன்னதும் மூன்று பேரும் சிரித்தோம். அந்த நடையைப் பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டேன்.

சிரிப்பைக் கேட்டோ என்னவோ சித்தப்பா எட்டிப் பார்த்தார். "அம்மணி, செவுத்துக்கு அந்தப்பக்கம் சித்த வருமாக்கும்?" என்றார். அவருக்கும் பாஸ்வேர்டு கொடுத்தேன். செயலியில் ஒவ்வொரு போனுக்கும் பெயர் வைத்தேன். அப்பா, அம்மா, சித்தப்பா.

3

இங்கே திரும்பிய பிறகுதான் தெரிந்தது, எந்தப் போன் இப்போது எந்த ரூட்டரில் இருக்கிறது என்று செயலி காட்டும் என்பது. பின்னறையில் இருந்தால் "பின் ரூட்டர்: அப்பா." மேசையைத் தாண்டினால் "முன் ரூட்டர்: அப்பா."

இங்கே எனக்குச் சாப்பாட்டு வேளை பன்னிரண்டரை. ஊரில் அப்போது விடிகாலை ஐந்து. (குளிர்காலத்தில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அப்போது பதினொன்றரைக்கே சாப்பிடப் போக ஆரம்பித்தேன். சோதனைக்கூடத்தில் யாரும் காரணம் கேட்கவில்லை.) அப்பா ஐந்து மணிவாக்கில் எழுந்து, போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, செபம் சொல்லிவிட்டு, அன்றைக்கு ஒரு வசனத்தை உறவுக்காரர் எல்லாருக்கும் அனுப்புவார். ஒருநாள் ஐந்துக்கு வருவார், ஒருநாள் ஐந்து இருபத்தைந்துக்கு. ஞாயிறு முதல் பூசை என்பதால் நாலே முக்காலுக்கே முன்னறையில் இருப்பார். அம்மாவின் போன் ஆறரை வரைக்கும் பின் ரூட்டரில்தான், சார்ஜில். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா பெயர் பின்னாலிருந்து முன்னால் தாவுவதைப் பார்ப்பேன். தாவியதும் நிம்மதியாக ஒரு வாய்.

சும்மா பார்த்திருக்கலாம், பீற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "ஏனுங்கப்பா, வெள்ளிக்கிழமை இருவது நிமிசம் லேட்டுங்களே?" என்பேன். அப்பா சிரிப்பார். "மேல கடவுளு, நூசிலாந்துல நீயி. ரெண்டு பேருந்தான் என்னையப் பாத்துட்டே இருக்கறீங்க" என்பார். அம்மா சிரித்த ஞாபகம் இல்லை. "தெனமும் பாப்பியா கண்ணு?" என்று ஒருமுறை கேட்டார். "தெனமும் பாப்பேம்மா" என்றேன், பெருமையாக.

இந்த வீட்டிலும் இரண்டு ரூட்டர் வைத்தேன். மர வீடு, பக்கத்து வீட்டுத் தும்மலே உள்ளே கேட்கும், சிக்னலுக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே பிள்ளைகள் வளர்ந்ததும் தோட்டத்தில் தனியாக நிற்கும் ஒற்றை அறைக்குக் குடிபோய்விடுவார்கள். ஷைனியும் போய்விட்டாள். சாப்பிட மட்டும் வீட்டுக்குள் வருவாள். அவளிடம் பேச எனக்குத் தமிழும் போதவில்லை, ஆங்கிலமும் போதவில்லை. தாத்தாவிடம் பேசினால், "தாத்தா, நீ சாப்டியா?" என்பாள். ஒரு "ங்க" போடத் தெரியாத பிள்ளையை வளர்த்திருக்கிறேனே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்பாவோ, "சாப்டனுங்க அம்மணி" என்று அவளுக்கும் சேர்த்து மரியாதை கொடுப்பார். அந்த ஒற்றை அறையிலும் ஒரு ரூட்டர் வைத்தேன். அவள் படிப்புக்கு என்று சொல்லித்தான் வைத்தேன்.

4

செப்டம்பரில் எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னேன், ஒரு செடி கொடுத்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க அனுப்பினேன். அது ரத்தாகிச் சான்றிதழ் வரும் வரை ஊருக்குப் போக விசாவுக்கும் எழுத முடியாது. "ரெண்டு மூணு மாசத்துக்கு என்ன ஆனாலும் வர முடியாதும்மா" என்று அம்மாவிடம் விளையாட்டாகச் சொன்னேன். அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அக்டோபரில் அப்பாவின் குரல் நின்றுபோனது.

முதல் ஞாயிறு, தொண்டை கட்டிக்கொண்டது என்றார் அம்மா. வாரத்தின் நடுவில் கூப்பிட்டால், குளியலறையில் தண்ணி வாத்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு நாள், சித்தப்பாவோடு மேட்டுப்பாளையத்தில் ஒரு துக்கத்துக்குப் போயிருக்கிறார். அடுத்த ஞாயிறு, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், தொண்டை இன்னும் ஆறவில்லை. வீடியோவில் அம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது, மிக அருகில், நெற்றியும் ஒரு கண்ணுமாக. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு அருகில்.

எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலை வசனம் தவறாமல் வந்தது. மதியம் பட்டியலைத் திறந்தால் முன் ரூட்டரில் அப்பா. தினமும். தொண்டை வலியோடும் மனுஷன் செபத்தை விடவில்லை பார் என்று கணவரிடம் சொன்னேன். பெற்ற தாயின் முகத்தில் இருந்ததைவிடப் பட்டியலில் இருந்ததை நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

5

ஒரு சனிக்கிழமை எனக்கு வேலை. ஷைனிக்குத் திங்கட்கிழமை பரீட்சை, வீட்டில் இருந்து படிப்பதாக ஏற்பாடு. மதியம் இரண்டு பட்டியலையும் பார்த்தேன். சரவணம்பட்டியில் அப்பா முன் ரூட்டரில், இங்கே ஷைனி பின் ரூட்டரில். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

இரண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்த தோழி, "உன் மகளை ஆற்றோரத்தில் பார்த்தேன், சறுக்குப் பலகையில் நன்றாக ஓட்டுகிறாளே" என்றாள். அது வேறு பெண்ணாக இருக்கும், என் மகள் வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவள் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். ஷைனிதான். ஆறும் இருந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கொங்குக்காரி கத்தினால் எப்படி இருக்கும் என்று அந்தத் தெரு அன்றைக்குக் கேட்டது. ஷைனி அசையவில்லை.

"போன் ரூம்லதான் இருந்துச்சு. நான் ரூம்ல இருக்கேன்னு நான் சொல்லவே இல்லயே" என்றாள். பிறகு ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல், நீ என்னைப் பார்க்கவில்லை, என் போனைத்தான் பார்த்தாய் என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பாவின் போன் ஞாபகம் வந்தது. மகளை அப்படியே விட்டுவிட்டு வந்து, சமையலறையில் நின்றுகொண்டே செயலியின் பழைய பதிவுகளைத் திறந்தேன். எந்தப் போன் எத்தனை மணிக்கு எந்த ரூட்டருக்கு மாறியது என்று ஒரு மாதத்துக்கு அதில் இருக்கும். அதுவரை அதைத் திறந்ததே இல்லை.

பதினாறு நாளாக அப்பாவின் போன் முன்னறைக்கு வந்தது ஐந்து பத்துக்கு. பதினாறு நாளும் ஐந்து பத்து. பூசை நாளான ஞாயிறும் ஐந்து பத்து. ஒவ்வொரு நாளும் அதே ஐந்து பத்துக்கு அம்மாவின் போனும் கூடவே முன்னறைக்கு வந்திருந்தது. இரண்டு நிமிடம் கழித்து அம்மாவின் போன் மட்டும் பின்னறைக்குத் திரும்பியிருந்தது. நான் பன்னிரண்டே முக்காலுக்குப் பார்க்கும்போதெல்லாம் அப்பா முன்னால், அம்மா பின்னால், சரியாக இருந்திருக்கிறது. அந்தப் பதினாறில் முதல் ஆறு நாள், சித்தப்பாவின் போன் இரவு முழுக்க எந்த ரூட்டரிலும் இல்லை.

6

மறுநாள் பன்னிரண்டே முக்கால். பட்டியலில் முன் ரூட்டரில் அப்பா. அப்பாவின் போனுக்கே அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஆள் இல்லாத முன்னறையில் அந்தச் சத்தம் கேட்பதை என்னால் இங்கிருந்தே கேட்க முடிந்தது. நிற்கப்போகிற நேரத்தில் எடுத்தது அம்மா.

"என்ன கண்ணு, இந்நேரத்துக்கு?"

"ஏம்மா இப்படி எரைக்குது?"

எண்பது அடியை ஓடி வந்த மூச்சு.

"அப்பா எங்கீங்கம்மா?"

"செபம் பண்ணீட்டு இருக்கறாரு."

"முன்னாலயா, பின்னாலயா?"

அம்மா அழுதார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில். ராத்திரிக்கு ஆண்கள்தான் துணைக்கு இருக்கலாம் என்றதால் சித்தப்பா இருந்தார். இப்போது வீட்டில், பின்னறையில் படுத்திருக்கிறார்.

"நீ வர முடியாதுன்னு சொல்லிப்போட்ட. வர முடியாத புள்ளைகிட்டச் சொல்லி என்னத்தக் கண்ணு பண்றது? அங்க உக்காந்துட்டு அழுவத்தான் முடியும். தெனமும் பாப்பேன்னு வேற சொன்னயா... முன்னால வரலீன்னா நீ பயந்துக்குவயேன்னுதான் எடுத்துட்டுப் போயி ஜன்னல்ல வெச்சுட்டு வாரேன். வசனமும் நாந்தான் அனுப்பிச்சேன்."

திட்ட வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

7

சான்றிதழுக்கு நடந்தேன், கெஞ்சினேன், ஒன்பது நாளில் வந்தது. பிறகு விசாப் படிவம். வருகையின் நோக்கம் என்ன? இந்தியாவில் தங்கும் முகவரி என்ன? நான் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எண்ணை எழுதினேன். இந்தியாவில் உங்களை அறிந்த ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டார்கள். அருளப்பன் என்று எழுதி அப்பாவின் எண்ணைப் போட்டேன். யாராவது விசாரிக்கக் கூப்பிட்டால் அது ஜன்னலில் அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. வாயில் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முதல் நாள் விடிகாலை, பின்னறைத் தரையில் படுத்திருந்தேன். ஐந்து மணிக்கு அம்மாவின் அலாரம் மெதுவாக அடித்தது. அம்மா எழுந்தார், முகம் கழுவினார், ஒரு கையில் தன் போனின் டார்ச், மறு கையில் அப்பாவின் போன். விளக்கைப் போட்டால் அப்பா விழித்துக்கொள்வார் என்று டார்ச். சுவரை ஒட்டி ஒட்டிச் சமையலறையைத் தாண்டி, மேசையைத் தாண்டி முன்னறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். போனை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"நாந்தான் இங்கயே இருக்கறனேம்மா."

"அட, பழகிப்போச்சு கண்ணு" என்றார் அம்மா.

அங்கேயே நாற்காலியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று. இரண்டு போனும் ஒரே நேரத்தில் சேர்ந்து நகர்ந்ததுதான் காட்டிக்கொடுத்தது என்று, பதிவைத் திறந்து விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அம்மா கவனமாகக் கேட்டார். இனிமேல் இந்த வேலை செய்ய மாட்டேன் என்று மாதா படத்தைப் பார்த்துச் சொன்னார். இனி ராத்திரியில் எழுந்தாலும் போன் வெளிச்சத்தில் தடுமாறி விழுந்து வைக்கப் போகிறாரே என்று அன்றைக்குச் சாயங்காலமே ஒரு நல்ல கை டார்ச் வாங்கி வந்து கொடுத்தேன்.

மூன்று வாரம் இருந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா இடது கையை மெதுவாகத் தூக்கிப் பரணைக் காட்டினார். அங்கே ரூட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விரலை மடக்கி, இழுப்பது போலச் சைகை செய்தார். மறுபடியும் செய்தார்.

"அதக் கழட்டிப்போடச் சொல்றாராட்ட இருக்குது" என்றார் அம்மா.

"ஃபேன வேகமா வெக்கச் சொல்றாரும்மா" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஃபேனைக் கூட்டினேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிந்தது என்று அவருக்குத் தெரியும்.

8

திரும்பி வந்து ஆறு வாரம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு இங்கே கேக்குகூடச் செய்யவில்லை. தினமும் மதியம் பார்க்கிறேன். பின் ரூட்டர்: அப்பா. பின் ரூட்டர்: அம்மா. அது ஒரு மாதிரி வலிதான் என்றாலும் உண்மையான வலி. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிறவர் வாரம் மூன்று நாள் வருகிறாராம். வாக்கரைப் பிடித்து இரண்டு எட்டு வைத்தார், நாலு எட்டு வைத்தார் என்று அம்மா சொல்வார். வீடியோவில் கட்டிலில் சாய்ந்திருக்கும் அப்பாவைக் காட்டுவார். போன வாரம் ஞாயிறு காட்டவில்லை. தூங்குகிறார் என்றார்.

நேற்று பலூனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன்.

முன் ரூட்டர்: அப்பா.

பின் ரூட்டர்: அம்மா.

பதிவைத் திறந்தேன். அப்பாவின் போன் தனியாக வந்திருந்தது. அம்மாவின் போன் ராத்திரியிலிருந்து அசையவில்லை. டப்பா கீழே விழுந்து சோறு சிதறியதுகூடத் தெரியாமல் எழுந்து நின்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு அடித்தேன்.

"நடந்தே வந்துட்டாரு கண்ணு! வாக்கரப் புடிச்சுட்டு மெல்ல மெல்ல முன்னால வந்துட்டாரு" என்றார் அம்மா. சந்தோஷமான குரல்தான்.

"வீடியோவுல காட்டுங்கம்மா."

"முன்னறை பல்பு போயிருச்சு கண்ணு. உங்க சித்தப்பன் மாத்தித் தாரேன்னிருக்கறாரு. ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்."

போனை வைத்தேன். இரண்டு போனும் சேர்ந்து நகர்ந்ததால் மாட்டிக்கொண்டார் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். போன் டார்ச் இல்லாமலே இருட்டில் நடக்கக் கை டார்ச் வாங்கிக் கொடுத்ததும் நான். மோட்டார் ஓடுகிற சத்தம் இங்கே நன்றாகக் கேட்கிறது. தண்ணீர் வருகிறதா என்று பார்க்க எனக்கு வழியில்லை. சித்தப்பாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அவர் போனும் பட்டியலில் இல்லை.

இன்று மதியமும் முன் ரூட்டரில் அப்பா.

இன்று சாயங்காலம் ஷைனி சாப்பிட வந்தாள். என் முகத்தைப் பார்த்து, "தாத்தா எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நடக்கிறாராம் என்று சொல்லிப் போனை அவள் கையில் கொடுத்தேன். இப்படி ஒரு பட்டியலை எப்படி ஏமாற்றுவது என்று தெரிந்தவள் அவள். பதிவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இன்னைக்கு அஞ்சு பத்து" என்றாள். "நேத்து?"

"அஞ்சு பத்து" என்றேன்.

போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, டிக்கெட் போடு" என்றாள்.